நுரை மட்டும் இருந்த டப்பா

தையல் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் நின்றால் எனக்கு உடம்பு விறைத்துவிடும். அடுத்து இருமல் வரும் என்று காது காத்திருக்கும். நூல் அறுந்திருக்கும், இல்லையென்றால் தைக்கிறவர் கத்தரிக்கோலைத் தேடுவார். அது எனக்குத் தெரியும். ஆனாலும் மிஷின் மறுபடி ஓடும்வரை மூச்சு விடமாட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு காசநோய் ஆராய்ச்சியில் எனக்கு வேலை கிடைத்தது. நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். எண்களை மட்டும் திருத்தமாக எழுதுவேன். அந்த வேலைக்கு அது போதும் என்றார்கள். செங்கல்பட்டிலிருந்து ஜீப் கிளம்பும். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் கடற்கரை ஊர்களில் மூன்று வாரத்துக்கு மேல் இருமுகிறவர்கள் யார் என்று வீடு வீடாகக் கேட்டு, அவர்களிடம் சளி வாங்கி வர வேண்டும். லேப்பில் அதை இரண்டு விதமாகச் சோதிப்பார்கள். எந்த முறையில் நோய் சீக்கிரம் பிடிபடுகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. அதெல்லாம் ஆராய்ச்சியை நடத்திய டாக்டரம்மா பார்த்துக்கொள்வார். என் வேலை, முதல் நாள் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் போய் வாங்கி, நம்பர் எழுதி, ஐஸ் பெட்டியில் வைப்பது.

"அவனவன் கோவளத்துக்கு மீன் வாங்க வரான். நீ சளி வாங்க வர, அண்ணாத்த," என்பார் டிரைவர். "நாளைக்குப் பொண்ணு குடுக்கறவன் இன்னா வேலைன்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

சிரித்து வைப்பேன்.

லேப்பில் எனக்கு ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வாயில் ஊறுவது எச்சில். அது தண்ணீராக நுரைத்திருக்கும், அதில் கிருமி தெரியாது. மூச்சை நன்றாக இழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமித் துப்பினால்தான் சளி வரும். டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, எச்சிலாக இருந்தால் திருப்பிக் கொடுத்து மறுபடி கேட்க வேண்டும். தாளில் 'சளி', 'எச்சில்' என்று இரண்டு கட்டங்கள். ஒன்றில் டிக் போட வேண்டும்.

ஆண்களிடம் சுலபமாகக் கேட்டுவிடுவேன். மீன் விற்கிற பெண்களிடம் கேட்கவே வேண்டாம். "இன்னா முழிச்சிகினு நிக்கற, புடி. நெஞ்சுல இருந்ததெல்லாம் இதுலதான் கீது," என்று கையில் திணித்துவிட்டுக் கூடையைத் தூக்குவார்கள். மற்ற வீடுகளில் பெண்கள் அப்படி இல்லை. அந்நிய ஆணின் காதில் விழும்படி காறித் துப்பமாட்டார்கள். கொல்லைப் பக்கம் போய், சத்தம் வராமல் துப்பி, முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்து தருவார்கள். பாதி டப்பாக்களில் எச்சில்தான் இருக்கும். முகத்தைப் பார்த்துப் பேசவே எனக்குக் கூச்சம். இப்படி மூச்சை இழு, இப்படி இருமு என்று எப்படிச் சொல்வேன்?

பள்ளிவாசல் தெருவில் ஒரு வீடு. மாமியாரும் மருமகளும் மட்டும் இருந்தார்கள். மகன் வெளிநாட்டில். வாசலில் பச்சைத் திரை தொங்கும். அதற்குப் பின்னால் தையல் மிஷின் ஓடும், நிற்கும், இருமல் கேட்கும், மறுபடி ஓடும். அந்த மருமகளின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. திரைக்கு அடியில் மிஷினை மிதிக்கும் கால்கள் தெரியும். டப்பா கொடுத்த மறுநாள் காலையில் திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டது. வளையல் முழங்கை வரை சரிந்துபோகிற அளவுக்கு மெலிந்த கை.

டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வெறும் நுரை.

"இது போதுமாண்ணே?" என்றது குரல்.

மாமியார் பக்கத்தில் நின்றிருந்தார். "வெக்கப்பட்டுகினு எப்படியோ குடுத்துச்சி தம்பி, பாவம்."

"போதும்மா," என்றேன். 'சளி' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

சில வாரங்கள் கழித்து லேப்பிலிருந்து சோதனைச் சீட்டு வந்தது. கிருமி இல்லை. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமியார் உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். திரைக்குப் பின்னால் "அல்ஹம்துலில்லாஹ்" என்று மெல்லக் கேட்டது. மிஷின் வேகமாக ஓடியது. நின்றது. இருமல் கேட்டது. நான் டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

பல மாதங்களுக்குப் பிறகு ஒரு நாள் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் பேசினார். "பொம்பளைங்க குடுக்கிற சளியில மட்டும் ஏன் இவ்வளவு கம்மியா கிருமி தெரியுது? டப்பா வாங்குறப்ப ஏதாவது கவனிச்சீங்களா?" ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் டிரைவரிடம் சொல்லி வண்டியைத் திருப்பி, புது டப்பாவோடு பள்ளிவாசல் தெருவுக்குப் போனேன்.

திரை கழற்றப்பட்டிருந்தது. தையல் மிஷின் மேல் ஒரு போர்வை. மாமியார் என்னைப் பார்த்ததும் உள்ளே போய், பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த சீட்டை எடுத்துவந்தார்.

"வேற டாக்டர்கிட்ட காட்டலாம்னு மதுராந்தகத்துல இருந்து அதோட அண்ணன் வந்தான், தம்பி. நான்தான் இதக் காட்டினேன். ஆராய்ச்சி பண்றவங்களே பாத்துட்டாங்க, சூட்டு இருமல்தான்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன். அப்புறம் ரத்தமா கக்குச்சி. நெஞ்சைப் படம் புடிச்சுப் பாத்துட்டு, ரொம்ப லேட்டுன்னுட்டாங்க. பத்து நாள்தான் இருந்துச்சி." சீட்டை என்னிடம் நீட்டினார். "உங்க மிஷினு தப்பாக் காட்டிடுச்சா?"

"தெரியலம்மா," என்றேன்.

அவர் இருமினார். அதே இருமல். எத்தனை நாளாக என்று கேட்டேன். ஒரு மாதம் இருக்கும் என்றார். கையிலிருந்த டப்பாவைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் நான் போனபோது டப்பாவை முந்தானைக்குள்ளிருந்து எடுத்துத் தந்தார். வெளிச்சத்தில் தூக்கினேன். நுரை.

"போதுமா தம்பி?"

"போதாதும்மா. இது எச்சில். இதுல நோய் இருந்தாலும் தெரியாது."

அவர் டப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப, அது குடுத்தது?"

சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "இப்படி இருமணும்மா," என்று சொல்லி, மூச்சை இழுத்து, தெருவுக்கே கேட்கும்படி இருமிக் காட்டினேன். இன்னொரு முறை இருமினேன். எனக்குப் பின்னால் டப்பாவின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு நெஞ்சின் அடியிலிருந்து ஒரு இருமல் வந்தது.

அந்த டப்பாவில் கிருமி இருந்தது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார், பிழைத்துக்கொண்டார். மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பார்க்க நான் போகும்போதெல்லாம் அந்த மிஷினுக்கு எதிரே உட்காரவைத்து டீ கொடுப்பார். மருமகள் கொடுத்த டப்பாவைப் பற்றிய அந்தக் கேள்வியை மட்டும் அவர் மறுபடி கேட்கவே இல்லை.