ரேடியோவைக் கூட்டிவைத்த அக்கா

"…ஒண்டும் கேக்காமல் சும்மா குந்தியிருக்கிறதுக்கும் சம்பளம் குடுப்பினமோ தம்பி?" என்று என் ஓட்டோவின் பின்னாலிருந்து கேட்டார் சூசை அண்ணை.

போன மாதம், எங்கள் ஊர்த் திருநெல்வேலியில் ராஜி அக்காவிடமிருந்து அவரைக் குருநகருக்குத் திரும்ப ஏற்றிக்கொண்டு போகிறேன். ராஜி அக்கா உளவளத்துணையாளர். மனப்பாரத்தோடு வருகிறவர்களைக் கதைத்து ஆற்றுவது அவர் வேலை. ஆனால் அவர் கதைத்ததைக் கண்டவர்கள் குறைவு. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கேள்வியை நானும் ஒருகாலம் கேட்டவன்தானே.

நீங்களும் மறந்திருக்கமாட்டீர்கள், கைத்தொலைபேசி வருமுன் சந்திக்குச் சந்தி கொமினிகேசன் கடை இருந்தது. வெளிநாட்டுக்குக் கதைக்கப் பலகையாலும் கண்ணாடியாலும் அடித்த ஒரு கூண்டு. அதற்குள் எப்போதும் முகப்பவுடர் மணம். கனடாவிலுள்ள மகனுக்கு முகம் தெரியப்போவதில்லை. ஆனாலும் தாய்மார் பவுடர் பூசி, நல்ல சேலை உடுத்துத்தான் வருவார்கள். அங்கே நான் போட்டோக்கொப்பி அடித்தேன். பாதியைக் கறுப்பாகவே அடித்தேன் என்பது முதலாளியின் அபிப்பிராயம். லைன் எடுத்துக் கொடுப்பது ராஜி அக்கா.

கூண்டுக்குள் ஒரு குரல் உடைந்தால் வெளியே வரிசை காதை நீட்டும். அக்கா உடனே ரேடியோச் சத்தத்தைக் கூட்டுவார். கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார். வெளியே வருகிறவருக்கு ஒரு தம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். "என்னவாம் பிள்ளை?" என்று வரிசையில் யாரும் துருவினால், "லைன் கிளியரில்லையாம்" என்பார்.

"என்ன நடந்ததெண்டு ஒரு வார்த்தை கேட்டால் என்னக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கேட்டால் மறுமொழிதான்ரா வரும். பொறுத்திருந்தால் கதை வரும்."

தண்ணீர் குடித்தவர்கள் வாங்குப் பலகையில் குந்தித் தாங்களாகவே சொல்லத் தொடங்குவதைப் பிறகு நான் எத்தனையோ தரம் பார்த்தேன். கடையை ஒரேயடியாகப் பூட்டிய பின்தான் அக்கா படித்து இந்த வேலைக்கு வந்தார். இப்போதும் அவர் அறையில் கதிரைகள் எதிரெதிரே இல்லை. இரண்டும் யன்னலோரம், முற்றத்து முருங்கையைப் பார்த்தபடி.

உள்ளே நடப்பதை அக்கா யாருக்கும் சொல்லார். சூசை அண்ணை கதையை எழுதச் சொன்னவர் சூசை அண்ணையேதான். இப்போது அவர் சந்தி சந்தியாய்ச் சொல்லித் திரிகிறார். அவருடைய படகு கவிழ்ந்து, தங்கச்சி மேரியின் மகன் கடலோடு போனான். அன்றிலிருந்து அண்ணை அந்த வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. சனிக்கிழமைகளில் மீன்பையை வாசல் படலை ஆணியில் கொழுவிவிட்டு, மேரி வருமுன் நடையைக் கட்டிவிடுவார். இப்போது மேரியின் மகளுக்குக் கலியாணம். தகப்பன் இல்லாத பிள்ளை. கோயிலுக்குள் கைபிடித்துக் கூட்டிப்போக மாமன்தான் வேண்டும். "அண்ணை வராட்டில் நாங்கள் வாசலிலேயே நிண்டுகொள்ளுறம்" என்று மேரி சொல்லியனுப்பியிருந்தாள்.

"ராஜியிட்டை எத்தினை தரம் போயிட்டன். அவவும் நானும் முருங்கையைப் பாத்துக்கொண்டிருந்ததுதான் மிச்சம்" என்றார் அண்ணை. "இண்டைக்கு எனக்குத்தான் ஏலாமல் போச்சு. நானே சொல்லிப்போட்டன்."

'என்ன சொன்னனீங்கள்?' என்று கேட்க என் நாக்குத் துடித்தது. கேட்கவில்லை. ஓட்டோ ரேடியோவைக் கூட்டினேன்.

அந்தப் பாட்டுச் சத்தத்துக்குள் அவர் அழுதார். கண்ணாடியில் பார்க்காமல் ஓட்டினேன். ஆஸ்பத்திரியடி தாண்டியபோது அவராகவே சொன்னார்: "பெடியன் அண்டைக்கு வரேல்லை எண்டவன். நான்தான் ஏசிக் கூட்டிக்கொண்டு போனனான். இதை மேரியிட்டைச் சொல்லோணும்." முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சத்தத்தைக் குறை. சந்தையடியிலை நிப்பாட்டு, விளைமீன் வாங்கோணும்" என்றார்.

"இண்டைக்குச் சனிக்கிழமை இல்லையே அண்ணை?"

"அதுக்கென்ன, மற்ற நாளிலை மேரி சாப்பிடமாட்டாளோ?"

கொமினிகேசன் இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி உறை விற்கிறார்கள். பஸ்ஸில் எல்லோரும் ஊர் கேட்கக் கதைக்கிறார்கள். ஒருவர் அழுவதற்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு இல்லை. முகப்பவுடர் மணந்த அந்தக் கூண்டு எங்கே விறகாய்ப் போனதோ தெரியாது.

மேரி வீட்டுப் படலையடியில் நிறுத்தினேன். ஆணி துருப்பிடித்து அங்கேயே இருந்தது. சூசை அண்ணை அதைக் கொஞ்சநேரம் பார்த்தார். பையைக் கொழுவவில்லை. "மேரி, சட்டியை எடு, நான் வந்திருக்கிறன்" என்று கூப்பிட்டபடி படலையைத் தள்ளித் திறந்து, மீனோடு உள்ளே போனார்.