நகத்தின் மேல் ஒரு பட்டன்

பட்டன் கடைக்காரியை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் பட்டனக்காதான். சுவர் முழுக்கக் கண்ணாடி மூடி போட்ட சின்னச் சின்ன டப்பாக்கள். டப்பாவுக்கு டப்பா வேறு பட்டன். சட்டையில் ஒன்று தெறித்துவிட்டதென்று யாராவது வந்து நின்றால், அவர் வாயைத் திறப்பதற்குள் சரியான டப்பாவை இறக்கிவிடுவாள். ஒரு பட்டனை எடுத்துத் தன் இடது கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து நீட்டுவாள். "இந்த அளவுதானே?"

அந்த நகம் அப்படியொன்றும் லட்சணமானதல்ல. பத்து வயதில் கடை ஷட்டருக்கு அடியில் மாட்டி நசுங்கி, நடுவில் கோணலாகப் பிளந்து வளர்ந்தது. ஷட்டரை இழுத்துவிட்டது அவள் தம்பி. அப்போது அவனுக்கு ஐந்து வயது. அப்பா வந்து கத்தியபோது, "நானேதான் இழுத்தேன்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

அந்தத் தம்பிதான் இப்போது கடையை விட்டுவிடலாம் என்கிறான். அப்பா இருவர் பெயரிலும் எழுதி வைத்த கடை. தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்துவிட்டது. எதிர்ப்பக்கத்து செல்போன் கடைக்காரர் இடத்தை வாடகைக்குக் கேட்கிறார்.

"மூணு மாசம் பார்க்கலாம்க்கா. ஆன்லைன்ல ஓடினா ஓடட்டும். இல்லன்னா அவருக்குக் கொடுத்துடலாம்."

"மூணு எதுக்கு? ரெண்டே போதும்" என்றாள் பட்டனக்கா. வீம்புக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள்.

வெப்சைட்டைச் செய்து கொடுத்தது தம்பியின் மனைவி. கெட்டிக்காரி. திறந்ததும் பட்டன்கள் மழையாகக் கொட்டும். பிறகு ஒவ்வொரு பட்டனும் வெள்ளை வெளேரென்ற பின்னணியில், திரை கொள்ளாமல் நிற்கும். அழகென்றால் அப்படியொரு அழகு! ஆர்டர் வந்தது. வந்ததில் பாதி திரும்பியும் வந்தது. "கோட்டுக்குக் கேட்டேன், குழந்தை சட்டைக்கு அனுப்பியிருக்கீங்களே" என்று ஓர் அம்மா போனிலேயே பிடிபிடியென்று பிடித்துவிட்டார். முதல் மாதம் முழுக்க இதே கூத்து.

பட்டனக்கா போனை எடுத்துக்கொண்டு நேரே பக்கத்துக் கடை டெய்லரிடம் போனாள். இருபத்தைந்து வருஷமாகத் தைக்கிறவர்.

"இதுல சட்டைக் காலருக்கு வைக்கிறது எது? ஒண்ணைத் தொடுங்க."

டெய்லர் கண்ணாடியை மாட்டி, மழை ஓயும்வரை காத்திருந்து, வெகு நம்பிக்கையாக ஒன்றைத் தொட்டார். அது ஓவர்கோட் பட்டன்.

"அளவுதான் கீழே போட்டிருக்கே அண்ணி, மில்லிமீட்டர்ல" என்றாள் தம்பி மனைவி, அன்று மாலை.

"சாம்பல் கலர்ல எறும்பு மாதிரி ஊர்றதே, அதுவா? பட்டன் வாங்க வர்றவங்க ஸ்கேலோடயா வர்றாங்க? கடையில நான் என்ன செய்யறேன்? நகத்துல வச்சுக் காட்டறேன். அங்கயும் அதையே காட்டு."

"இந்த... நகத்தையா? வேணும்னா அழகான கையா ஒருத்தரைப் பிடிக்கலாமே அண்ணி."

"அந்த அழகான கை நாளைக்கு வேற ஊருக்குப் போயிட்டா? அறுநூறு பட்டன் இருக்கு, இன்னும் புதுசு வரும். ஆள் மாறினா அளவும் மாறிடும். இது எங்கயும் போகாது. அப்படியே அந்த மழையையும் நிறுத்து, தாயே!"

நான்கு மதியங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து அறுநூறு படங்கள் எடுத்தார்கள். கட்டைவிரல் மரத்தே போய்விட்டது. ஆனால் அதற்கப்புறம் எதுவும் திரும்பி வரவில்லை. ஆர்டரோடு குறிப்புகளும் வர ஆரம்பித்தன. 'உங்கள் நகத்தை முழுசாக மூடுகிற அந்தக் கறுப்பு, எட்டு.' 'நகத்தின் பிளவை மட்டும் மறைக்கிற அந்த வெள்ளை, ஒரு டஜன்.' வாரம் ஒருமுறை எட்டிப் பார்த்த கூரியர்காரர் தினமும் வந்தார்.

மூன்றாம் மாதக் கடைசியில் தம்பி, செல்போன் கடைக்காரரின் வாடகை ஒப்பந்தத் தாளோடு வந்தான். உட்கார இடமில்லை; ஸ்டூல் மேலெல்லாம் பார்சல்.

"ஏதோ ஓடுதுன்னு அவளும் சொன்னா. ஆனா திங்கட்கிழமை சாவி தர்றதா வாக்குக் கொடுத்துட்டேனேக்கா."

"கடையைப் பார்க்காமலே வாக்கு கொடுத்தியா? முதல்ல பாரு" என்று போனை அவன் கையில் திணித்தாள்.

அதுவரை அவன் அந்த வெப்சைட்டைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. விரலால் தள்ளிக்கொண்டே போனான். கோட் பட்டன், சட்டைப் பட்டன், முத்துப் பட்டன். ஒவ்வொன்றுக்கும் அடியில் அதே நகம். தள்ளுவதை நிறுத்திவிட்டான்.

"எல்லாத்துலயும் இதுதானாக்கா?"

"எல்லாத்துலயும்."

"இன்னும் வலிக்குமா?"

"குளிர்ல கொஞ்சம். நீ பட்டனைப் பாருடா."

அவன் அவள் போனை மேஜை மேல் வைத்துவிட்டு, தன் போனை எடுத்து எதையோ தட்டினான். மேஜை மேலிருந்த பட்டனக்காவின் போன் டிங்கென்றது. சட்டைக் கைப்பட்டன், வெள்ளை, ஒன்று. அப்போதுதான் அவன் சட்டையின் வலது கை விரிந்து தொங்குவதைக் கவனித்தாள். அனுப்ப வேண்டிய முகவரி: இதே கடை.

"டேய், டப்பா உன் தலைக்கு மேலேயே இருக்கு. கூரியர்ல போய்த் திரும்பி வரப் புதன்கிழமை ஆயிடும்."

"ஆகட்டும்."

"திங்கட்கிழமை சாவி கொடுத்துட்டா, புதன்கிழமை இதை யாருடா வாங்குவா?" கேட்கும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

தம்பி ஒப்பந்தத் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தான்.

"நீதான். கையெழுத்துப் போட்டு வாங்கி வை."