அண்ணையின் நாற்பத்தெட்டு

எண்பத்தாறாம் ஆண்டுக் கோடையில் நாங்கள் முப்பது பேர் ஜெர்மனியில் ஹம் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹைமில் இருந்தோம். ஹைம் என்றால் அகதி விண்ணப்பம் போட்டவர்களைத் தங்கவைத்த பழைய கட்டடம். வேலை செய்ய அனுமதி இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சிவப்புத் தூள் போட்ட உதைபந்தாட்டத் திடலொன்றில் கிரிக்கெட் விளையாடினோம். அயலில் இருந்த ஹைம்களையும் சேர்த்து நாலு அணிகள். எனக்கு மட்டை பிடிக்கவும் தெரியாது, பந்து போடவும் தெரியாது. ஊரில் கணிதம் படித்தவன் என்பதால் ஓட்டக் கணக்கு எழுதும் கொப்பியை என்னிடம் தந்துவிட்டார்கள்.

எங்கள் அணித் தலைவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். எல்லாருக்கும் அவர் அண்ணை. யாழ்ப்பாணத்தில் பெரிய பள்ளிக்கூடமொன்றுக்கு ஆடினவர் என்று அவரே சொன்னார். வேறு யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. முதல் ஆளாக இறங்கி, மட்டையை மூன்று தரம் நிலத்தில் தட்டி, வானத்தை ஒரு தரம் பார்ப்பார். மெதுவாகப் பந்து போடுகிறவர்களை வெளுத்துக்கட்டுவார். எதிரணியின் வேகப்பந்துக்காரன் பந்தைக் கையில் எடுத்ததும் அவருக்குக் கால் நரம்பு இழுத்துவிடும். நொண்டி நொண்டி வந்து எனக்குப் பக்கத்தில் குந்தி, தான் அவுட் இல்லை என்று எழுதச் சொல்லுவார். தேத்தண்ணி வந்தால் நரம்பு சரியாகிவிடும்.

கோடை முடிய, எங்கள் ஹைமின் சிறந்த துடுப்பாட்டக்காரருக்கு ஒரு கிண்ணம் கொடுப்பதாக முடிவானது. அண்ணை தன்னுடைய சராசரியைக் கேட்டார். எட்டுத் தரம் இறங்கித் தொண்ணூற்றாறு ஓட்டம். அவுட்டானது இரண்டே தரம். இரண்டால் பிரித்தால் நாற்பத்தெட்டு. அவுட்டான தரத்தால் பிரிப்பதுதான் கிரிக்கெட் விதி, அதனால் அது பிழையில்லை. ஒரு கிழமையாக ஹைம் முழுக்க அந்த நாற்பத்தெட்டைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம் இருந்து நாலு அணிக் கணக்கையும் கூட்டினேன். அவுட்டானாலும் ஆகாவிட்டாலும், மட்டையோடு இறங்கிய ஒவ்வொரு தரத்துக்கும் எத்தனை ஓட்டம் என்று பார்த்தேன். எல்லாரையும் சேர்த்தால் சராசரி பதினாலு. அண்ணைக்குப் பன்னிரண்டு. அந்தப் பதினாலுக்குள் மட்டையை நிலம் கூட்டும் தும்புத்தடி மாதிரிப் பிடித்தவர்களும் அடக்கம். கணக்கை ஒரு தாளில் வடிவாக எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டினேன்.

அண்ணை வாசித்தார். குசினியில் நின்ற ஏழெட்டுப் பேரும் கறிச் சட்டிகளுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள்.

"இதென்ன கணக்கு?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் ஒரே கணக்குத்தான் அண்ணை."

"என்னையும் இவங்களையும் ஒரே கணக்கில போடேலாது தம்பி" என்று சொல்லித் தாளைக் கிழிக்காமல் கழற்றி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று பின்னேரம் கிண்ணத்துக்கு ஆளைத் தெரிவுசெய்யக் கூடினார்கள். அவர் இல்லாத நேரத்தில் அவரைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்கள்தான் அவருக்கு முதலில் கை உயர்த்தினார்கள். ஹைமில் ஜெர்மன் ஓரளவு பேசத் தெரிந்த ஒரே ஆள் அண்ணை. ஒவ்வொருவருடைய விண்ணப்பத்துக்கும் அலுவலகத்துக்கும் அவர் கூட வரவேண்டும். தாளை எழுதி ஒட்டிய நானும் கையை உயர்த்தினேன். செவ்வாய்க்கிழமை வெளிநாட்டவர் அலுவலகத்தில் எனக்கு வரச்சொல்லி டெர்மின் குறித்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். அதிகாரி கேட்டதில் பாதி அவருக்கும் விளங்கவில்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் நாட்டில் தங்கும் அனுமதிக் கடிதத்தில் இன்னும் மூன்று மாதத்துக்கு முத்திரை விழுந்தது. திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் நின்று, வேகப்பந்துக்கு எப்படிப் பயப்படாமல் காலை முன்னே வைத்து ஆடவேண்டும் என்று எனக்கு விளக்கினார். பஸ் வரும்வரைக்கும் நான் ஓம் அண்ணை, ஓம் அண்ணை என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.