எந்த மகராசன் மாட்டினது?

1946-ஆம் வருஷம், சித்திரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. சாந்தோமில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் நடந்தது இது.

அப்போது நான் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அந்த நாட்களை நினைத்தாலே முதலில் களைப்புதான் ஞாபகத்துக்கு வருகிறது. காலையில் சமையல், பகலெல்லாம் பிள்ளைகளோடு கத்தல், சாயந்திரம் ரேஷன் கடை வரிசை. இத்தனைக்கும் நடுவில், வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் ஒரு மனுஷர். அவர் என் கணவர்.

மலேயாவில் வேலை கிடைத்துப் போனவர், யுத்தம் வந்து அங்கேயே மாட்டிக்கொண்டார். உயிரோடு இருக்கிறாரா என்றே பல வருஷம் தெரியாது. கப்பலில் திரும்பி வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தார். உடம்பு மெல்லத் தேறியது, வாய்தான் திறக்கவில்லை. தட்டில் போட்டதில் பாதியைச் சாப்பிடுவார். வாசலுக்குக்கூட வரமாட்டார். வந்தால் தெருவில் போகிறவர்கள், "அங்கே என்ன சார் நடந்தது?" என்று ஆரம்பித்துவிடுவார்களே! சொந்தக்காரர்கள் வந்து ஆறுதல் சொல்லி, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். எப்படியாவது வெளியே கூட்டிப் போங்கள், இப்படியே விட்டால் ஆள் நமக்குக் கிடைக்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் கொட்டகையில் கிடந்த காரின் ஞாபகம் வந்தது. மலேயா போவதற்கு முன் அவர் ஆசையாக வாங்கிய பழைய குட்டிக் கார். வேறு யார் கையும் படக்கூடாது என்று எல்லாவற்றையும் தானே பிரித்துத் தானே மாட்டுவார். காருக்குள் உட்கார்ந்துவிட்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது, அடையாறு பக்கம் ஒரு சுற்று போய் வரலாம் என்று கணக்குப் போட்டேன். யார் ஓட்டுவது என்று யோசிக்கவே இல்லை. அவ்வளவு தெளிவு எனக்கு!

ராயப்பேட்டையிலிருந்து ஒரு மெக்கானிக் பாயை அழைத்து வந்தேன். எஞ்சினை எப்படியோ உறுமவைத்துவிட்டார். வண்டி மட்டும் நகரவில்லை. கடற்காற்றில் இத்தனை வருஷம் நின்றதில், பின்சக்கரம் இரண்டிலும் பிரேக் கட்டைகள் துருப்பிடித்து, சக்கரத்துக்கு உள்பக்கம் கிண்ணம்போல் மூடியிருக்கும் இரும்பு டிரம்மைக் கவ்விக்கொண்டிருந்தன. சக்கரத்தைக் கழற்றினார், டிரம் வரவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டார். சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினார். டிரம்முக்குப் பின்னால் ஒரு திருகு இருந்தது. அதைத் தளர்த்தினால் கட்டை உள்ளே சுருங்கி, டிரம் கையோடு வந்துவிடுமாம். அதையும் திருகினார். கொஞ்சம் அசைந்து, அப்படியே நின்றுவிட்டது.

ஒவ்வொரு அடியும் என் மண்டையில் விழுந்தது. உள்ளே இருப்பவருக்கு இந்தச் சத்தத்தில் என்ன ஆகுமோ என்று வேறு பயம். போய் எட்டிப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பியபடியேதான் கிடந்தார்.

வெயில் உச்சிக்கு ஏறியதும் பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாம்மா இது, கல்லு மாதிரி புட்ச்சிக்கினு கீது. ஒடச்சித்தான் எடுக்கணும். ஒடச்சா வேற டிரம்முக்கு எங்க போறது? யுத்தத்துல ஒரு சாமானும் வர்ல."

உடைத்தாலும் கார் போச்சு, உடைக்காவிட்டாலும் போச்சு. எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. போதும் பாய், விட்டுவிடுங்கள் என்றேன்.

பாய்க்கு விட மனசில்லை. மறுபடி வண்டிக்கு அடியில் தலையை நுழைத்தார். நுழைத்த வேகத்தில் கத்தினார். "அட கஸ்மாலமே! போல்ட்டு ஒண்ணொண்ணும் ஒரு சைஸு. எந்த மகராசன்மா இத மாட்டுனது? அவன் கைய ஒடைக்கணும்!"

"நான்தான்."

திரும்பிப் பார்த்தேன். சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். பாய் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நான்தான் பாய் மாட்டினேன். அந்தத் திருகு ரெண்டையும் இடது வலது பக்கம் மாத்தி மாட்டிட்டேன். கப்பலுக்கு நேரமாயிடுச்சு, சரிபண்ண முடியல. நீங்க தளர்த்துறதா நினைச்சு இறுக்கிக்கிட்டு இருக்கீங்க. எதிர்ப்பக்கம் திருப்புங்க."

கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து அவர் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"அத்த காலைலயே வந்து சொல்லக் கூடாதா நைனா! என் தோளே கயண்டுட்சு" என்று பாய் சிரித்தார். இரண்டு பேரும் சேர்ந்து ஸ்பானரைப் பிடித்து எதிர்ப்பக்கம் திருப்பினார்கள். திருகு கிறீச்சிட்டு இளகியது. நாலு தட்டில் டிரம் துருப்பொடியோடு கையில் வந்தது. அடுத்த சக்கரத்தை என் கணவரே கழற்றினார். வெகு நேரம் பிடித்தது. பாய் உதவிக்கே போகவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, அந்தப் போல்ட்டுகளைப் பற்றிக் கிண்டல் செய்துகொண்டே இருந்தார். அவரும் பதிலுக்கு ஏதோ சொன்னார். நான் உள்ளே போய் அழுதேன். களைப்பா சந்தோஷமா என்று இன்றுவரை தெரியாது.

கொஞ்ச நேரத்தில் அவர் கறுத்த கையோடு வந்து நின்றார்.

"பசிக்குது. என்ன இருக்கு?"

ரசமும் சுட்ட அப்பளமும்தான் இருந்தன. இருவருக்கும் போட்டேன். என் கணவர் மறுசோறு கேட்டார்.

ஆறுதல் சொல்ல எத்தனையோ பேர் வந்தார்கள், எல்லோருக்கும் முதுகைத்தான் காட்டினார். திட்டியவருக்குப் பதில் சொல்லத்தான் எழுந்து வந்தார். அதனால் இப்போதெல்லாம் துவண்டு கிடக்கிறவர்களைப் பார்க்கப் போனால் நான் ஆறுதல் சொல்வதில்லை. அவர்கள் வீட்டில் ஏதாவது ஒன்றைக் காட்டி, இதை எந்த மகராசன் மாட்டினது என்று சத்தமாகக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன்.