கைப்பைக்குள் ஒரு ஞாபகம்

உளுந்துச் செடியைத் தார்ரோட்டில் பரப்பி வைத்திருந்தார்கள். பங்குனி மாதத்தில் எங்கள் பக்கம் இது வழக்கம்தான். போகிற வருகிற வண்டிகளின் சக்கரம் ஏறி ஏறி உளுந்தை உதிர்த்துக் கொடுத்துவிடும். புவனகிரியில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ட்ரையல் மேக்கப் போட்டுவிட்டு ஸ்கூட்டியில் சிதம்பரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அந்தச் செடியின்மேல் வண்டி வழுக்கியது என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவிருப்பது பெண் வீட்டில் காபி கொடுத்தது வரைக்கும்தான்.

ஹெல்மெட் போட்டிருந்தேன், வாரை மாட்டவில்லை. தோள்பட்டை எலும்பு ஒன்று முறிந்தது, மண்டையிலும் அடி. எலும்பு கூடிவிட்டது. தலைக் காயமும் ஆறிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் என்ன போயிருக்கிறது என்று தெரிய ஆரம்பித்தது.

பழையதெல்லாம் அப்படியே இருந்தது. பத்தாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவள் யார், எந்தக் கம்பெனி ஃபவுண்டேஷன் வெயிலில் திட்டுத்திட்டாகும், எல்லாம் தெரியும். புதிதாக எதுவும் நிற்கவில்லை. காலையில் பேசியது மதியத்தில் இல்லை. இங்கே நான் சொல்வதில் பாதி, மற்றவர்கள் சொல்லியும் பிறகு எழுதி வைத்ததைப் படித்தும் தெரிந்துகொண்டது. என் கணவரிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரத்தில் மறுபடியும் கேட்பேன். அவர் வாடகைக் கார் ஓட்டுகிறவர், பொறுமைசாலி. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலவே "சாப்புட்டேம்மா" என்பார். அந்தப் பொறுமையைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுவது என் தொழில். வீட்டு முன்னறையில் சின்னதாக ஒரு பார்லரும் உண்டு. இந்தத் தொழிலில் கை எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் தேதி. முகூர்த்த நாளை மறந்தவளை யாரும் இரண்டாவது முறை கூப்பிட மாட்டார்கள். சித்திரையிலும் வைகாசியிலும் ஒப்புக்கொண்டிருந்ததையெல்லாம் வேறு ஆட்களுக்கு மாற்றி விட்டோம்.

நரம்பு டாக்டர் என்னை ஒரு பயிற்சி அம்மாவிடம் அனுப்பினார். இப்படி அடிபட்டவர்களுக்கு அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்குவது அவர் வேலை. படங்களைக் காட்டி, சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லி, எல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"கண்ணு மங்குனா கண்ணாடி போட்டுக்கிறோம்ல, அது மாதிரி ஒங்களுக்கு வெளியில ஒரு ஞாபகம் வேணும். ஒங்க போன்லயே வச்சுக்காதீங்க. அதுல வாட்ஸ்அப், வீடியோன்னு ஆயிரம் கெடக்கும். சின்னதா தனியா ஒரு டேப், பெரிய போன் மாதிரி இருக்குமே, அது வாங்கிக்குங்க. அதுல ஒங்க நாள் மட்டும் இருக்கட்டும்."

இந்த விஷயம் என் நாத்தனார் காதுக்குப் போனது. அவள் என் கணவரின் தங்கை, கடலூரில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலை. வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். எனக்கும் அவளுக்கும் சண்டை என்று எதுவும் இருந்ததில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பேசிக்கொள்வோம், அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை போன் செய்து, "அண்ணி, அண்ணன கூட்டிக்கிட்டு கடலூர் வாங்க. நானே பாத்து வாங்கித் தரேன்" என்றாள்.

லாரன்ஸ் ரோட்டில் ஒரு கடைக்குப் போனோம். விற்பனைக்காரர் பெரிய பெரிய டேப்பாக எடுத்து வைத்து, படம் பார்த்தால் எப்படி இருக்கும், விளையாடினால் எப்படி இருக்கும் என்று விவரித்துக்கொண்டே போனார். அவள் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு, என் தோளிலிருந்த கைப்பையை வாங்கி, ஒவ்வொன்றாக உள்ளே விட்டுப் பார்த்தாள். ஒன்றுக்குத்தான் ஜிப் மூடியது.

"இத குடுங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு அவளே பஸ் ஏறிச் சிதம்பரம் வந்து டேப்பில் எல்லாவற்றையும் ஏற்றினாள். மூளைக்குப் பயிற்சி என்று புதிர் விளையாட்டுகள், தண்ணீர் குடிக்க நினைவூட்ட ஒன்று, மாத்திரைக்கு ஒன்று, தூக்கத்தை அளக்க ஒன்று, மனசு எப்படி இருக்கிறது என்று கேட்க ஒன்று, குறிப்பெழுத ஒன்று, வழி காட்ட ஒன்று. திரை முழுக்கக் கலர் கலராகக் கட்டம். பாசத்தோடு செய்திருக்கிறாள் என்று தெரிந்தது. எதை எதற்காக வைத்தாள் என்பது அவள் திரும்பிப் போக பஸ் ஏறுவதற்குள் எனக்கு மறந்துவிட்டது.

அந்த வாரம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி புருவம் திருத்த வந்தாள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இழுக்கும்போது, டேப்பிலிருந்து கோயில் மணிபோல ஓங்கி ஒரு சத்தம். நான் துள்ளிவிட்டேன். புருவத்தின் நடுவில் கொஞ்சம் முடி போய்விட்டது.

"அய்யோ! என்னாக்கா கத்துது அது?" என்றாள் அவள், நெற்றியைப் பிடித்துக்கொண்டு.

எடுத்துப் பார்த்தேன். கண்ணை மூடி அமைதியாக உட்காரும் நேரம் வந்துவிட்டதாக எழுதியிருந்தது. எங்கே தொட்டால் நிற்கும் என்று தெரியவில்லை. துண்டில் சுற்றிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்து மீதிப் புருவத்தை முடித்தேன். அந்த இடைவெளியைப் பென்சிலால் நிரப்பிக் கொடுத்தேன். அவள் காசு கொடுத்தாள், நான் வாங்கவில்லை.

பயிற்சி அம்மாவிடம் என் கணவர் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். பிறகு, "ஒவ்வொண்ணையும் எடுத்து, இது இல்லாம நேத்து நான் எதுல கஷ்டப்பட்டேன்னு கேளுங்க. பதில் இருந்தா வையுங்க. இல்லன்னா எடுத்துடுங்க" என்றார். அதை என் கணவர் போனில் நாத்தனாரிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்ததும் ஏதாவது வருத்தப்படுவாளோ என்று பார்த்தேன். பையை வைத்துவிட்டு, "வாங்கண்ணி, களை எடுப்போம்" என்று தரையில் உட்கார்ந்தாள்.

தண்ணீர் குடிக்க மறந்தேனா? இல்லை, தாகம் எடுத்தால் குடிக்கிறேன். போயிற்று. தூக்கம்? அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறேன். போயிற்று. வழி காட்டுவதை அவள் எடுக்க விடவில்லை.

"வெளியூரு போவீங்கல்ல அண்ணி?"

"காட்டுமன்னார்கோயிலு, புவனகிரி, சேத்தியாத்தோப்பு எல்லாம் அடிபடுறதுக்கு முன்னாடியே தெரிஞ்ச ரோடு பாப்பா. அது எங்கயும் போவல."

அவள் யோசித்துவிட்டு அதையும் எடுத்தாள். குறிப்பெழுதும் ஆப் பற்றித்தான் அதிக நேரம் பேசினோம். நல்ல ஆப்தான். ஆனால் நாள்காட்டியில் கொஞ்சம், குறிப்பில் கொஞ்சம் என்று இருந்தால் எதை எதில் வைத்தேன் என்பதற்கு ஒரு ஞாபகம் வேண்டுமே. அதனால் எல்லாமே நாள்காட்டியில்தான் என்று முடிவு செய்தோம். கடைசியில் திரையில் நாள்காட்டி, அலாரம், குரலைப் பதிவு செய்வது, கேமரா, இவ்வளவுதான் மிஞ்சின. மற்ற இடம் வெறுமையாக இருந்தது. பார்க்கவே நிம்மதியாக இருந்தது.

வைத்துக்கொண்டதைப் பழகுவது வேறு கதை. தேதியை அழுத்திப் பிடி, மேலே வரும் கூட்டல் குறியைத் தொடு, எழுது, நேரம் போடு, சேமி. அவள் காட்டுவாள், நான் செய்வேன். மறுநாள் காலையில் அவள் காட்டியதே எனக்கு நினைவிருக்காது. போனில் கூப்பிட்டு முதலிலிருந்து கேட்பேன். அவளும் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டே முதலிலிருந்து சொல்வாள். ஆனி மாதம் முழுக்க இப்படியே போனது.

ஆடியில் கல்யாணம் கிடையாது. எனக்கு நேரம் இருந்தது. ஒருநாள் காலையில் அவளைக் கூப்பிட்டுவிட்டு, அவள் எடுப்பதற்குள் என் விரல் தேதியை அழுத்திப் பிடித்து, கூட்டல் குறியைத் தொட்டு, எழுதும் இடத்துக்குப் போய் நின்றிருந்தது. கற்றுக்கொண்டதாக எனக்கு நினைவே இல்லை. விரலுக்குத் தெரிந்திருந்தது. ஐலைனர் போடும்போது எந்த இடத்தில் கையைத் தூக்க வேண்டும் என்று நான் யோசிப்பதில்லை, அதுபோல.

"ஹலோ, சொல்லுங்கண்ணி."

"ஒண்ணுமில்ல பாப்பா. வந்துடுச்சு" என்றேன். அவளுக்குப் பஸ் வந்துவிட்டது, வைத்துவிட்டாள்.

எழுதத் தெரிந்த பிறகு எப்படி எழுதுவது என்பது அடுத்த பாடு. ஒருநாள் டேப் அடித்தது. "மஞ்சள் புடவை, சொல்லணும்" என்று இருந்தது. யாருடைய மஞ்சள் புடவை, யாரிடம் சொல்ல வேண்டும்? எழுதும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருந்திருக்கும். அன்று முழுவதும் மண்டையைப் போட்டு உடைத்தும் தெரியவில்லை. அதன்பிறகு, என்னையே அறியாத ஒருத்தி படிப்பதாக நினைத்துக்கொண்டு எழுதப் பழகினேன். யார், எங்கே, என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன். அப்படி எழுதினால் மறுநாள் எனக்கே புரிந்தது. இன்னொன்றும் செய்தோம். என் நாள்காட்டி நாத்தனாரின் போனிலும் தெரியும்படி அவள் அமைத்தாள்.

அது ஆவணியில் உதவியது. ஒருநாள் மதியம் ஆபீசிலிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணி, ஒரே முகூர்த்தத்துல ரெண்டு பேருக்குப் போட்டிருக்கீங்க. புவனகிரில ஒண்ணு, திட்டக்குடில ஒண்ணு."

திறந்து பார்த்தேன். இரண்டும் நான் எழுதியதுதான், விவரமாக எழுதியிருந்தேன். எதை எழுதியதும் நினைவில் இல்லை. புவனகிரிக்காரர்கள் முதலில் சொன்னவர்கள். திட்டக்குடியை எழுதும்போது அந்த நாளில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

அதுவரை எனக்கு என்ன ஆனது என்று வாடிக்கைக்காரர்கள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கை முறிந்தது என்று மட்டும் ஊருக்குச் சொல்லியிருந்தோம். "ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடு" என்றார் கணவர். நாத்தனார், "உள்ளத சொல்லுங்கண்ணி. இன்னும் எத்தன பேருகிட்ட மறைப்பீங்க?" என்றாள். திட்டக்குடிப் பெண்ணின் அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"மேக்கப்பு மறந்துபோச்சா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"அதெல்லாம் மறக்கலங்க. கை நல்லாத்தான் இருக்கு. நாளு, தேதி, நேத்து பேசுனது, இதுதான் நிக்க மாட்டேங்குது."

"அப்பன்னா ஒண்ணு செய்யுங்க. காலைல முகூர்த்தத்துக்கு இங்க ஒரு பொண்ணு இருக்கு, சுமாரா போடும். சாயங்காலம் ரிசப்ஷனுக்கு நீங்க வந்துடுங்க. போட்டோ எல்லாம் அதுலதான ஜாஸ்தி எடுப்பாங்க."

அவ்வளவுதான் நடந்தது. இதற்காகவா மாதக்கணக்கில் பயந்தேன் என்று இருந்தது.

கல்யாணத்தன்று நாத்தனார் லீவு போட்டு வந்தாள். புவனகிரி வேலை நன்றாக முடிந்தது. கணவர் கார் ஓட்ட, பின்சீட்டில் நாங்கள் இரண்டு பேரும். விருத்தாசலம் வழியாகப் போகும்போது திட்டக்குடிப் பெண்ணைப் பற்றி எழுதியதைப் படித்தேன். ஸ்டிக்கர் பொட்டு ஒத்துக்கொள்ளாது, நெற்றி சிவந்துவிடும், குங்குமம் மட்டும். அதற்கடியில், "அவள் சொன்னது குரல் பதிவில் இருக்கிறது, அவளிடம் அனுமதி கேட்டுப் பதிந்தேன்" என்று ஒரு வரி.

மண்டபத்து அறையில் பெண்ணைச் சுற்றி உறவுக்காரப் பெண்கள் நின்றிருந்தார்கள். நான் ஃபவுண்டேஷனைக் கையில் தேய்த்துப் பார்க்கும்போதே பெண்ணின் அத்தை, "கொஞ்சம் வெள்ளையா அடிச்சி விடும்மா. மாப்ள வீட்டுல எல்லாம் செவப்பு" என்றார். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, நான் ஒங்ககிட்ட சொன்னது ஞாபகம் இருக்கா?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருக்கிறது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது.

"ஞாபகம் இல்லம்மா. பதிஞ்சு வச்சிருக்கேன். போடட்டுமா?"

அவள் தலையாட்டினாள். டேப்பை எடுத்து அழுத்தினேன். அறையில் அவள் குரலே கேட்டது. "அக்கா, என்ன வெள்ளையா ஆக்கிடாதீங்க. என் கலர்லயே இருக்கணும். போட்டோவப் பாத்தா அது நான்னு எனக்குத் தெரியணும்."

யாரோ சிரித்தார்கள். பெண்ணின் அம்மா வந்து, "அதான் அவளே சொல்றாளே, விடுங்க" என்று அத்தையைச் சாப்பிட அழைத்துப் போனார். அத்தை முறைத்துக்கொண்டுதான் போனார். நான் பெண்ணின் நிறத்திலேயே போட்டேன். மேடையில் அவள் நின்றதைப் போட்டோ எடுத்து, அந்தத் தேதியிலேயே சேர்த்து வைத்தேன். அதனால்தான் இன்றைக்கும் அவள் முகம் எனக்குத் தெரியும்.

தை பிறந்த பிறகு பயிற்சி அம்மா மறுபடியும் சோதித்துப் பார்த்தார். முன்னைவிடப் பரவாயில்லை, காலையில் நடந்தது சாயங்காலம் வரை நிற்கிறது. ஆனால் முழுசாகத் திரும்பாது, இனி இப்படித்தான் இருக்கும் என்றார். நான் அழுவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். எனக்கு அழுகை வரவில்லை. எங்கே தொட்டால் என்ன வரும் என்று தெரிந்துவிட்ட பிறகு அது அவ்வளவு பெரிய செய்தியாக இல்லை. அவர் சொன்னதை அங்கேயே உட்கார்ந்து அவர் சொன்ன வார்த்தையிலேயே நாள்காட்டியில் எழுதிக்கொண்டேன்.

வெளியே வந்து நடந்துகொண்டிருக்கும்போதே நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. நான் எழுதியதைக் கடலூரில் உட்கார்ந்து படித்துவிட்டிருந்தாள்.

"பாத்தேன் அண்ணி" என்றாள். "சரி, மாசியில ஒரு முகூர்த்தம் காலியா கெடக்கு. என் ஆபீஸ்ல ஒரு பொண்ணுக்குக் கல்யாணம், ஆளு தேடுறாங்க. போட்டுடவா?"

"போடு. பொண்ணு பேரு, மண்டபம், எல்லாம் சேத்துப் போடு" என்றேன்.