அரை வாங்க

பன்றிக் காய்ச்சல் வந்த 2009இல், துடியலூரில் எங்கள் வீட்டில் சித்தி மாசமாக இருந்தார். அது ஐப்பசி மாதம் என்று அம்மா இன்றும் சாதிப்பார். மதுக்கரை அத்தை வந்தும் அன்று வீட்டில் கோழி அடிக்கவில்லை, ஆகவே புரட்டாசிதான்.

எங்கள் பக்கத்தில் வருகிறவரை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தனித்தனியாக 'வாங்க' என்று கேட்டாக வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் அந்த ஒருவரைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. காய்ச்சல் சுற்றுகிறது, யாரையும் பார்க்க வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் எட்டாம் மாதத்திலிருந்த சித்தி உள்ளறையில் இருந்தார். ஆனாலும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் ஜன்னல் வழியே ஒரு 'வாங்க' வந்துவிடும். "தொண்டைக் கரகரப்புதானுங்க" என்று இருமிக்கொண்டே வந்த ஓர் உறவினர், அந்த ஜன்னலில் முகம் வைத்து நலம் விசாரித்துவிட்டுப் போனார்.

பிறகு சித்திக்கும் இருமல் வந்தது, மூச்சு வாங்கியது. "மாசமா இருந்தா மூச்சு வாங்கத்தானுங்க செய்யும்" என்றார் சித்தப்பா. அம்மா சுக்குக் காப்பி வைத்தார்.

அப்போதுதான் அத்தை வந்தார். சித்தப்பாவின் அக்கா, பந்தியில் தன் இலைக்கு உடைந்த அப்பளம் வந்ததற்காக ஒரு கல்யாண வீட்டோடு பேச்சையே நிறுத்தியவர்.

ஜன்னலில், "வாங்..." என்று கேட்டது. நின்றது. நெடுநேரம் கழித்து, "...க."

அத்தை செருப்பைக் கழற்றவில்லை. "ஏன்டா, எனக்கு மட்டும் அரை வாங்கவா?"

"அவளுக்கு மூச்சு வாங்குதுங்க அக்கா."

"நானும் மூணு பெத்தவதான். எம் மாமியாள முழுசாத்தான் வாங்கன்னு கேட்டேன். அம்மணி, இன்னொருக்கா சொல்லு!"

இம்முறை பாதிகூட வரவில்லை. அத்தை செருப்போடு உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் குரல் வேறாக இருந்தது.

"ஒடம்பு அனலாக் கொதிக்குது. ஒதடு நீலம் பாஞ்சிருக்குது. இது புள்ளைத்தாச்சி மூச்சில்லடா. காரை எடு!"

"ராகு காலமுங்க..."

"எடுடா!"

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், மருந்து கொடுத்தார்கள். "மாசமா இருக்கறவங்களுக்கு இந்தக் காய்ச்சல் சட்டுனு நெஞ்சுல எறங்கிருமுங்க. இருமுன அன்னைக்கே கூட்டிட்டு வர வேண்டாமா?" என்று டாக்டரம்மா சித்தப்பாவைப் பிடிபிடியென்று பிடித்தாராம். அத்தை வார்டு வாசலை விட்டு நகரவில்லையாம்.

சின்னப் பிள்ளையான எனக்கு விளங்கியது ஒன்றுதான்: வாங்கவை அரையாகச் சொன்னால் ஆஸ்பத்திரியில் போட்டுவிடுவார்கள். பால்காரரையும் சிலிண்டர்காரரையும் பக்கத்து வீட்டு நாயையும் தொண்டை கிழிய 'வாங்க' கேட்டேன்.

சித்தி வயிற்றுப் பிள்ளையோடு நலமாக வீடு திரும்பிய பிறகு அத்தை மறுபடி வந்தார். வாசலிலேயே காத்து நின்றார். ஜன்னல் வழியே ஒரே மூச்சில், முழுசாக, "வாங்க" வந்தது. அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

முழு வாங்க கிடைத்தும் கோபம் தீரவில்லையே என்று பயந்து, நான் இன்னொரு 'வாங்க' சேர்த்துக் கேட்டேன்.