பென்சிலால் நான் சேர்த்த பாவம்

அந்த எண்ணம் எனக்குக் கத்தோலிக்கக் கோயிலில், பூசையின் நடுவில்தான் வந்தது. போன தை மாதம். சுவாமியார் அப்பத்தை உயர்த்துகிறார், மணி அடிக்கிறது, எல்லோரும் தலை குனிந்திருக்கிறார்கள். என் மனதிலோ முதல் நாள் கேட்ட சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. விரட்டினேன். போகவில்லை. அதைவிட வெட்கம், அது எனக்கு இனித்தது. இது பாவம், இதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நான் சொல்வேன் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

நான் இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் உதவி ஆசிரியன். சுவாமியார் மாதம் ஒருமுறைதான் எங்கள் தோட்டத்துக் கோயிலுக்கு வருவார். சனிக்கிழமை மாலை, செய்த பாவங்களை அவரிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம், ஞாயிறு காலை பூசை. பலருக்கு வாசிக்கத் தெரியாததால், பாவசங்கீர்த்தனத்துக்கு முன், என்னென்ன பாவம் செய்தோம் என்று நினைவூட்டும் ஆத்தும சோதனைக் கேள்விகளைச் செபப்புத்தகத்திலிருந்து ஒருவர் உரக்க வாசிப்பது வழக்கம். வாசிப்பவன் நான்.

மாசி மாதம் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதினேன். “சினிமாப் பாட்டுகளை ஆசையோடு கேட்டேனா?” மற்றக் கேள்விகளோடு, அதே குரலில் வாசித்தேன்.

மறுநாள் பூசையில் சுவாமியார் கொடுக்கும் அப்பமாகிய நன்மையை நான் வாங்கினேன். என் அம்மா எழுந்து வரவில்லை. கொழுந்து எடுத்துக் கை வெடித்திருந்தாலும் ஒரு மாதம்கூட நன்மையைத் தவறவிடாதவர்.

“ஏம்மா வரல?” என்று வீட்டில் கேட்டேன்.

“நீதானே தம்பி வாசிச்ச. செவுத்துக்கு அந்தப் பக்கம் கருப்பையா வீட்டு ரேடியோ பாடுது. கேக்க நல்லாத்தான் இருக்கு. இனிமே செய்யமாட்டேன்னு சாமிகிட்ட சொல்லிட்டு, லயத்து வீட்டுக்கு வந்து திரும்பவும் கேட்டா, ஆண்டவர்கிட்டயே பொய் சொன்னதா ஆயிடுமே. பாவத்தச் சொல்லாம நன்மை வாங்கவும் கூடாதே.”

“காத மூடிக்கங்க.”

“எத்தன நேரத்துக்குடா?”

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. படித்தவன் என்ற பேர் போய்விடுமே என்று பயந்தேன். பங்குனியிலும் அதையே வாசித்தேன். அம்மா அந்த மாதமும் பெஞ்சியிலேயே இருந்துவிட்டார். இனி பாஸ்குத் திருநாளை, ஈஸ்டரை, ஒட்டி வரும் பூசைதான் மிச்சம். “பாஸ்குக் காலத்துல நன்மை வாங்குற கடமையும் தவறிட்டா, கோயிலுக்கு நான் வேத்து ஆளுதான்” என்று அடுப்படியில் அழுதார்.

தேவமாதாவுக்கு ஒன்பது நாள் செபம் தொடங்கினேன். “என் தாயின் மனதை மாற்றும்” என்றே மன்றாடினேன். என் மனதை மாற்றும் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. எழுதவே கூசுகிறது.

ஒன்பதாம் நாள், பாஸ்குவுக்கு ஒரு வாரம் முன் வரும் குருத்து ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமை. சுவாமியார் இன்னும் பின்னறையில் இருந்தார். வாசித்துக்கொண்டே வந்தேன். அடுத்து எந்தக் கேள்வி வரும் என்று அம்மாவுக்குத் தெரியும். முக்காட்டை இழுத்துவிட்டு எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார். தேவதாயே, கைவிடாதேயும் என்று மனதுக்குள் மன்றாடினேன். அடுத்து வந்த வார்த்தைகளை நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

“இந்தக் கேள்வி புத்தகத்துல இல்ல. நான்தான் எழுதினேன்.”

பின் பெஞ்சியிலிருந்து அன்னம்மா அக்கா, “சாமிமாருக்கே தெரியாத பாவத்த எங்கேருந்து மாஸ்டர் கண்டுபுடிச்சீங்க?” என்றார். கோயிலே சிரித்தது. என் முகம் எரிந்தது.

அம்மா சிரிக்கவில்லை. திரும்பி வந்து என் முன்னால் நின்றார். “ரெண்டு மாசம் என்னப் பட்டினி போட்டுட்டியேடா” என்றார். பிறகு போய்ப் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றுகொண்டார்.

கடைசி ஆளாக நானும் போனேன். பாட்டைப் பற்றித்தான் ஆரம்பித்தேன். “கெட்ட ஆசையைத் தூண்டுகிற பாட்டானால் விலகிப் போ. நல்ல பாட்டைக் கேட்டு மகிழ்வது பாவமில்லை, மகனே” என்றார் சுவாமியார். “நீ பிறர் மேல் ஏற்றிய சுமையைச் சொல்.” சொன்னேன்.

குருத்து ஞாயிறன்று அம்மா நன்மை வாங்கினார். பார்த்துக்கொண்டே அழுதேன். மாதா என் செபத்தைக் கேட்டார், நான் கேட்ட விதமாக அல்ல. அன்பானவர்களே, உங்களுக்கும் இப்படி ஒரு பயம் இருந்தால், அதைச் சட்டமாக்கி அடுத்தவரிடம் கொடுக்காதீர்கள். தேவதாயிடம் கொண்டுபோங்கள். வெட்கப்பட வைத்தாவது காப்பாற்றுவார்.

இன்னும் ஒருவர் பாக்கி. கலியாண வீடுகளில் புல்லாங்குழல் வாசிக்கும் ஆரோக்கியம் அண்ணன், என் கேள்வியைக் கேட்டு அந்தக் குழலை அடுப்பில் வைத்துவிட்டார். இப்போது கந்தப்பளையில் தம்பி வீட்டில் இருக்கிறார், கோயில் பக்கமே போவதில்லையாம். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறப் போகிறேன். கதவைச் சாத்தினாலும் வாசலில் நிற்பேன். எனக்காக மாதாவிடம் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள்.